தோற்றபின் கூற்று: மலைநாட்டு வைத்தியர் வகைநூல்

வைத்தியரை வகுத்துச் சொல்லப் புகுந்தவர்கள் எல்லோரும் அவர்கள் படித்த ஏட்டைக் கொண்டே வகுத்தார்கள். இலங்கைச் சட்டமும் அப்படித்தான். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் நான்கையும் ஒரே பெயரின் கீழ் அடக்கியது. ஹோமியோபதிக்கு 1970இல் தனிச் சட்டம், அது போதாதென்று 2016இல் இன்னொன்று. இங்கிலீஷ் வைத்தியத்துக்கு வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டம். தோட்டத்து ஜனங்களின் வகுப்பு இவற்றைவிடச் சுருக்கமானது. கைராசி உள்ளவர், இல்லாதவர் என்ற இரண்டே இனம்.

இந்த வகுப்புகள் அனைத்தும் வைத்தியம் தொடங்கும் இடத்தில் நின்று பார்ப்பவை. தொடங்கும்போது எல்லா வைத்தியரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். முகத்தில் களை, பேச்சில் தெம்பு, சுவரில் ஒரு சாமி படம் அல்லது சான்றிதழ். வேறுபாடு தெரிவது முடியும் இடத்தில், அதாவது நோய் போகாத இடத்தில். ஆகவே இந்நூலின் முதல் விதி:

தோற்றபின் கூறும் கூற்றே வைத்தியர்
ஏற்ற இனத்தை இயம்பும் என்க.

வென்றபின் கூறும் கூற்றால் ஏன் வகுக்கக் கூடாது எனின், வெற்றியில் பாதிக்கு மேல் வைத்தியருடையது அன்று என்பதே விடை. தேயிலை மலையில் வெறுங்காலுக்கு அருகில் சுருண்டு கிடப்பது மூக்கு மேல்நோக்கிய ஒரு சிறு விரியன். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா, குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் நஞ்சுப் பாம்புக் கடிகளில் மிக அதிகம் இதனுடையது. அரச ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரிய அந்த மருந்து இந்தச் சிறு விரியனுக்குக் கேட்காது. எனவே டாக்டர் ஆளைக் கட்டிலில் கிடத்தி, இரத்தம் உறைகிறதா, சிறுநீர் இறங்குகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகவே தோன்றும்.

கடிபட்டவர்களில் பெரும்பாலோர் வீக்கத்தோடும் வலியோடும் பிழைத்துவிடுகிறார்கள். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது, மிகச் சிலர் இறக்கிறார்கள். இப்போது அதே கடிக்கு விஷக்கல் வைக்கும் பெரியவரிடம் போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் பெரும்பாலோர் பிழைப்பார்கள். கல் என்பது பெரும்பாலும் எரித்த எலும்புத் துண்டு. ஈரமான காயத்தில் ஒட்டும், ஊறியதும் விழும், அதோடு விஷம் இறங்கியதாகக் கணக்கு. பிழைத்தவர் தேங்காயும் வெற்றிலையும் கொண்டுவந்து கும்பிட்டுப் போவார். சிறுநீரகம் போனவர் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடப்பார். அவர் பெரியவர் வீட்டு வாசலுக்கு வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

மஞ்சள் காமாலையும் இதே கதை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ வகைக் கல்லீரல் அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவருக்குப் புகழ் சேரும். ஆனால் கண் மஞ்சளாவது எலிக்காய்ச்சலிலும் உண்டு, பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் உண்டு. அந்த நோயாளிக்கும் அதே உருண்டைதான், அதே ஏழு நாள் தவணைதான். ஆகவே வெற்றியை அளவுகோலாகக் கொள்ளாமல் தோல்வியைக் கொள்க.

இனி இனங்கள். முதலில் பத்தியத்தார்.

மருந்தினும் பத்தியம் பெரிதா யின்அவண்
பொருந்திய பழியெலாம் நோயாளிக் குரித்தே.

இவர்களின் தோற்றபின் கூற்று கேள்வி வடிவில் வரும். "ஏம்மா, கருவாடு தின்னியா?" தின்றிருப்பாள். பத்தாந்தேதிச் சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்பில் வேறென்ன இருக்கும்? பத்தியத்தார் இருவகைப்படுவர். கூடியதைக் கேட்போர் ஒரு வகை, கூடாததைக் கேட்போர் மற்றொரு வகை. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்பவர் முதல் வகை. அவரிடம் சண்டை இல்லை, இங்கிலீஷ் டாக்டரும் அதையே சொல்வார். இரண்டாம் வகையார் கத்தரிக்காய், தக்காளி, கருவாடு, முட்டை, புளி, குளிர்ந்த தண்ணீர், மழையில் நனைதல், சாயத்தண்ணி என்னும் வெறுந்தேநீர் எனப் பட்டியலை நீட்டுவார்கள். நுவரெலியாவில் மழையில் நனையாமல் கொழுந்து எடுப்பதும், காலையில் சாயத்தண்ணி குடிக்காமல் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போவதும் நடக்கிற காரியமா? அவர்களுக்கும் அது தெரியும். பத்தியம் நோயாளியைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று, மருந்தைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டது. பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் வைத்தியர் பாதுகாப்பாக இருக்கிறார்.

அடுத்து காலத்தார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கணும்" என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். முந்திக் கொண்டுவந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டால் மட்டும் விடை வராது.

மூன்றாவது இனம் செய்வினையார். இதில் தலையாயவர் கோடாங்கி. "செய்தவன் கை பலமான கை" என்பது இவ்வினத்தின் கூற்று. கோடாங்கியை இந்நூல் கடிந்து பேசாது. ஆலைச் சக்கரத்துக்கு ரோதை முனி, செடி வெட்டும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துச் சாமி என்று வேலைக்கு ஒரு தெய்வத்தைப் படைத்துக்கொண்ட சமூகத்தில், பயத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருப்பதில் வியப்பில்லை. வெற்றிலை பாக்கு, ஒரு சேவல், ஒரு போத்தல் என்று அவர் கேட்பது பெரும்பாலும் கொடுக்கக்கூடியது. இரவு முழுக்க உடுக்கடித்து, குடும்பத்தைச் சுற்றி உட்காரவைத்து, அழவைத்து, யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்பதையும் வெளியே கொண்டுவந்துவிடுவார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வெளிநோயாளர் பிரிவின் இரண்டு நிமிடத்தில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. இவர்களையும் இரண்டாகப் பிரிக்கலாம். திருநீறு பூசிவிட்டு "ஆஸ்பத்திரியிலயும் ஒருக்காக் காட்டிருங்க" என்பவர் போகவிடும் கோடாங்கி. "அங்க போனா சாமி கோவிச்சுக்கும்" என்பவர் பிடித்துவைக்கும் கோடாங்கி. வலிப்பு வந்த பிள்ளையைப் பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடித்துக்கொண்டே மாதங்களைக் கடத்துபவர் இரண்டாமவர். வலிப்பை அடக்கும் மாத்திரை அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்னால் நிற்பது பேயன்று, இந்த ஆள்.

நான்காவது இனமாகிய கலைப்பார் மிகக் கொடியவர். "இங்கிலீஷ் மருந்து குடிச்சு ஒடம்பக் கெடுத்துட்டீங்க, இனி நான் என்ன பண்ண?" என்பது இவர்களின் தோற்றபின் கூற்று. அதற்கு முன்கூட்டியே செய்யும் வேலை, இருக்கிற மாத்திரையை நிறுத்தவைப்பது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. அதுவே அவர்களுக்கு வாய்ப்பு. "பார்த்தீங்களா, நிறுத்தினீங்க, என்ன ஆச்சு?" பக்கவாதம் வரும் நாளில் பேச நோயாளிக்கு வாய் வராது. சிறு வயதில் சர்க்கரை நோய் வந்த பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்லும் அளவுக்குத் துணிந்தவர்களும் இவ்வினத்தில் உண்டு. அந்தப் பிள்ளை சில நாட்கள்தான் தாங்கும்.

இவர்களின் கொடி "இயற்கை, ஆகவே தீங்கில்லை" என்பது. மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட பழைய தந்திரம். முதல் வாரம் அற்புதம், கிழவி மலை ஏறுவாள். பிறகு முகம் வட்டமாக ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், பொடியைத் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழவும் கூடும். "நிறுத்தினதாலதான் இப்படி" என்று வைத்தியர் சொல்வார். அவர் வாழ்நாளில் சொல்லும் ஒரே உண்மை அதுதான். இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வொன்று, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008இல் வெளியிட்டது. மூலிகை மட்டுமே என்றாலும் கதை முடிந்துவிடாது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. காரணம் ஒரு மூலிகைக்குப் பதிலாகக் கலந்துபோன இன்னொன்று. அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்ததுதான் நம் ஈஸ்வரமூலி, சிங்கள வைத்தியர் சப்சந்த என்று அழைப்பது. காட்டில் முளைத்தது என்பதால் சிறுநீரகம் அதற்குச் சலுகை காட்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு மாணாக்கன் எழுந்து, "அப்படியானால் நம் மூலிகைகள் எல்லாம் பொய்யா?" என வினவக்கூடும். பொய்யென்று யார் சொன்னது? சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வகீல் நோயாளிகளிடம் அளந்து 1949இல் ஓர் ஆங்கில இதழில் எழுதினார். உலகம் ஏற்றுக்கொண்டது. நம் கொத்தல ஹிம்புட்டுக் கட்டையில் குடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது சர்க்கரைக்கு நல்லதென்ற பாட்டி சொல்லையும் ஆய்வுக்கூடம் சோதித்தது. மாவுச்சத்து சர்க்கரையாவதைத் தாமதப்படுத்தும் பொருள் அதில் இருப்பதை ஜப்பானியர் 1997இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சோதனைக்கு உட்பட்ட பிறகு அளவு எவ்வளவு, யாருக்கு ஆகாது, எப்போது நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் கூடவே வந்துவிடும். கலைப்பார் பயப்படுவது அந்தக் கூடவே வருபவற்றுக்குத்தான்.

ஐந்தாவது இனம் காணாமற்போவார். சம்பளம் கிடைத்த முதல் ஞாயிறு ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலோ தலவாக்கலைச் சந்தையிலோ ஒரு வேன், ஒரு ஒலிபெருக்கி, போத்தலில் மிதக்கும் ஒரு பாம்பு. முதுகுவலி, மூட்டுவலி, மூலம், ஆஸ்துமா, ஆண்மைக் குறைவு, பிள்ளை வளராமை எல்லாவற்றுக்கும் ஒரே தைலம், ஒன்று வாங்கினால் இன்னொன்று சும்மா. இவ்வினத்துக்குத் தோற்றபின் கூற்று என்று ஒன்றில்லை. நீங்கள் திரும்பி வரும்போது வேன் பதுளைப் பக்கம் போயிருக்கும். போத்தலில் பெயரும் இராது, முகவரியும் இராது, முடிவுத் திகதியும் இராது.

இவர்களுக்காகத்தான் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஏமாற்றும் விளம்பரம் குற்றம், கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும், 1977 என்ற எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையோ மருந்தென்றும் சொல்லமுடியாமல் உணவென்றும் சொல்லமுடியாமல் நிற்பவற்றுக்கு எல்லைக்கோட்டுப் பொருட்கள் என்று தனி வகையே வைத்திருக்கிறது. எம்மைப் போன்ற வகைநூலாசிரியர்களுக்கு அந்தப் பெயரே போதும், மெய்சிலிர்க்கிறது. ஆனால் வேன்காரரிடம் பற்றுச்சீட்டு கேட்டுப் பாருங்கள். கூட்டத்தைப் பார்த்து, "அண்ணனுக்கு நம்பிக்கை இல்ல, அண்ணன் ஒதுங்கிக்கட்டும்" என்று மைக்கில் சொல்வார். கூட்டம் சிரிக்கும். சட்டம் கொழும்பில் இருக்கிறது, சிரிப்பு ஹட்டனில் இருக்கிறது.

ஆறாவது இனம் அரண்மனையார், அதாவது ஆட்சியாளரின் ஆதரவு பெற்றவர்கள். இவர்களைக் காண மலையிலிருந்து இறங்கிக் கேகாலை மாவட்டத்துக்குப் போகவேண்டும். 2020 டிசம்பரில் ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்பவர் தேன், சாதிக்காய் முதலான சரக்குகளால் ஒரு பாணி காய்ச்சினார். செய்முறையைச் சொன்னது காளி அம்மன் என்றார். கொவிட் கட்டுப்பாடுகள் இருக்கும்போதே ஆயிரக்கணக்கானோர் அந்தக் கிராமத்து வீதியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார். அதற்கு முந்தின மாதம் அவர், மந்திரித்த தண்ணீர்ப் பானையை ஆற்றில் போட்டும் இருந்தார். அந்தத் தண்ணீர், விளையாட்டு வீரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் வைத்தியம் பார்த்துப் பெயர்பெற்ற எலியந்த வைட்டினுடையது. 2021 ஜனவரியில் அமைச்சருக்குக் கொவிட் உறுதியானது, அவர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய், இங்கிலீஷ் வைத்தியத்தால் மீண்டு வந்தார். 2021 செப்டம்பரில் எலியந்த வைட் கொவிட் நோயால் இறந்தார். இறந்தவரை ஏளனம் செய்வது இந்நூலின் மரபன்று. பதிவு செய்வது மரபு.

இவ்வினத்தின் தோற்றபின் கூற்று மௌனம். பாணியை வாங்கியவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று வாங்கியவர்களும் எதிர்பார்க்கவில்லை. மற்ற இனத்தார் ஒரு லயத்தை ஏமாற்றலாம், மிஞ்சினால் ஒரு தோட்டத்தை. அரண்மனையாருக்குத் தொலைக்காட்சி இருக்கிறது.

ஏழாவது இனமாகிய தேயிலை வியாபாரிகளைப் பெரும்பாலான நூல்கள் விட்டுவிடும், ஏனெனில் தேயிலையால்தான் நாம் சோறு தின்கிறோம். 1660இல் லண்டன் வியாபாரி தாமஸ் கார்வே தேயிலை விற்பதற்காக ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தார். தலைவலி, கல்லடைப்பு, நீர்க்கோவை, கெட்ட கனவு என்று அந்தப் பட்டியல் ஹட்டன் வேன்காரரை வெட்கப்படவைக்கும். அதற்குப் பின்னர் கொர்னேலிஸ் போன்டெகூ என்ற டச்சு மருத்துவர் நாளுக்கு இருநூறு கோப்பை குடித்தாலும் கேடில்லை என்று எழுதினார். ஆக, 1867இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் வைத்த செடி ஏற்கெனவே சர்வரோக நிவாரணி என்று விற்கப்பட்ட செடிதான். இந்தப் பழக்கம் விடவில்லை. 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லிப்டன் பச்சைத் தேயிலை கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்ற பாணியில் விளம்பரம் செய்ததற்காக யூனிலீவர் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பெட்டியில் அச்சடித்த ஆரோக்கியம் கடல் தாண்டிப் போகிறது. இலையைக் கிள்ளியவளின் வீட்டிலோ சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்குரிய வளர்த்தி இல்லாதோர் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம். பிள்ளை வளரும் டொனிக் ஹட்டனில் ஏன் விற்கிறது என்பதற்கு வேறு உரை வேண்டாம்.

இனிப் புறனடை.

இங்கிலீஷ் வைத்தியத்துக்கும் தோற்றபின் கூற்று உண்டு. "மருந்து இல்ல, வெளியில வாங்குங்க" என்பது அதில் தலையாயது. 2023இல் அரச ஆஸ்பத்திரிகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கப்பட்டதாக வழக்கு எழுந்து, சுகாதார அமைச்சராயிருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். இதைக் காட்டி நான்காம் இனத்தார் வெற்றி முழக்கம் போடுவார்கள். அவர்கள் கவனிக்காதது ஒன்றுண்டு. அந்த மருந்துக்குத் தொகுதி இலக்கம் இருந்தது, கோப்பு இருந்தது, வாங்கியவர் கையெழுத்து இருந்தது. ஆகவே பிடிக்க முடிந்தது. பாம்புத் தைலத்தில் பிடிப்பதற்குப் பாம்பு மட்டும்தான் இருக்கிறது.

இன்னும் நுணுக்கமான வேறுபாடு ஒன்று உண்டு. நல்ல டாக்டர் தோற்றபின் சொல்லவேண்டியதை முதல் நாளே சொல்லிவிடுவார். "மூணு நாள்ல காய்ச்சல் விடாட்டி, வாந்தி எடுத்தா, ரத்தம் பட்டா உடனே வாங்க." டெங்கு காலத்தில் இந்த ஒரு வாக்கியம் மருந்தைவிடப் பெரியது. தன் மருந்து எப்போது பலிக்கவில்லை என்று எண்ணவேண்டும் என்பதை நோயாளியின் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். நல்ல சித்த வைத்தியரும் இதைச் செய்வார். பதிவு இலக்கத்தைப் பலகையில் போட்டிருக்கும் ஆயுர்வேத வைத்தியரும் செய்வார். ஆகவே கைராசியையும் ஏட்டையும் விடுத்து, காசு கொடுக்குமுன் ஒரே கேள்வி கேட்க: "இது கேட்கலேன்னா எப்போ தெரியும், அப்போ நான் யாரிடம் போகணும்?" விடை சொல்பவர் முன்கூற்றார். கோபப்படுபவர் மேற்சொன்ன ஏழில் ஏதோ ஒன்றில் விழுவார், எதில் என்பதைக் கோபத்தின் தன்மையால் அறிக.

ஆனால் முன்கூற்றுக்கும் தோட்டத்தில் ஒரு விலை உண்டு. டிக்கோயாவில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நுவரெலியாவில் மாவட்டப் பொது ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆயினும் மேல் டிவிஷனிலிருந்து ஒருத்தி அங்கே போய்வர ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 செப்டம்பரில் உயர்த்தியபோது அது 1350 ரூபாயாக இருந்தது, பஸ் காசு தனி. டாக்டர் பேசுவது சிங்களமாக இருந்தால் பக்கத்துக் கட்டில்காரரின் மகனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லவேண்டும். அப்படித் தெரிந்துகொண்டு வந்ததுதான் "மூணு நாள்ல குறையாட்டித் திரும்பி வாங்க" என்பது. மூன்றாம் நாள் காய்ச்சல் குறையவில்லை. அடுத்த நாள் பெரட்டு ஆறு மணிக்கு, பஸ் ஏழு மணிக்கு, கோடாங்கி வீடு லயத்துக் கோடியில், ராத்திரி பத்து மணிக்கும் கதவு திறப்பார், தமிழில் பேசுவார்.